வாசகர் கேள்வி – பதில்: பருவநிலைப் பற்றுச்சீட்டை முதலில் எதில் செலவிடுவது?

வீட்டு மின்செலவைக் குறைக்கும் மாற்றங்களைப் பற்றியும், அவற்றுக்குச் சிங்கப்பூர் அரசாங்கம் தரும் உதவியைப் பற்றியும் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எந்தப் பொருளுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கின்றன. அதற்கு விடை சொல்வது எளிது. அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு வீட்டிலும் மின்சாரம் எதில் கரைகிறது என்பதைக் கண்டறிந்து, உதவித்தொகையை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். கணக்கு எளிதாக இருப்பதற்காக, பொருள் சேவை வரியையும் சேர்த்து ஒரு யூனிட் மின்சாரம், அதாவது ஒரு கிலோவாட்-மணி, 30 காசு என்று இப்பகுதி முழுவதும் வைத்துக்கொள்கிறோம். மின்சாரம் வழங்கும் எஸ்பி குழுமத்தின் கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுவதால், உங்கள் பயனீட்டுக் கட்டண ரசீதில் உள்ள விலையை வைத்து இக்கணக்குகளை நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் நால்வர் வசிக்கிறோம். எங்கள் குளிர்பதனப் பெட்டிக்கு வயது பதினைந்தைத் தாண்டிவிட்டது என்றாலும் இன்னும் நன்றாகவே ஓடுகிறது. பருவநிலைப் பற்றுச்சீட்டு 400 வெள்ளியையும் போட்டுப் புதிய பெட்டி வாங்கிவிடலாம் என்கிறார் என் மனைவி. ஓடுகிற பொருளை ஏன் மாற்ற வேண்டும் என்பது என் எண்ணம். யார் சொல்வது சரி?

பதில்: முதலில் பற்றுச்சீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். மின்சாரத்தையும் தண்ணீரையும் சிக்கனமாகப் பயன்படுத்தும் பொருள்களை வாங்க அரசாங்கம் வீடுகளுக்குத் தரும் உதவித்தொகை அது. தேசியச் சுற்றுப்புற வாரியமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் இத்திட்டத்தை 2020 நவம்பரில் தொடங்கியபோது அது ஓரறை முதல் மூவறை வரையிலான வீவக வீடுகளுக்கு மட்டும் உரியதாக இருந்தது. அப்போது கொடுக்கப்பட்ட 225 வெள்ளி, குளிர்பதனப் பெட்டிக்கு 150, எல்இடி விளக்குகளுக்கு 25, ஷவருக்கு 50 என்று பிரித்து ஒதுக்கப்பட்டிருந்தது. 2024 ஏப்ரல் 15 முதல் திட்டம் எல்லா வீவக வீடுகளுக்கும் விரிவாக்கப்பட்டு, தொகையும் 300 வெள்ளியாயிற்று. 2025 ஏப்ரலில் மேலும் 100 வெள்ளி சேர்ந்தது. இப்போது தொகை பொருள்வாரியாகப் பிரிக்கப்படுவதில்லை. பட்டியலில் உள்ள பத்து வகைப் பொருள்களில் எதற்கு வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும் நீங்கள் செலவிடலாம். செலவிட்டு முடிக்க வேண்டிய கடைசி நாள் 2027 டிசம்பர் 31. ஆகவே அவசரப்பட வேண்டியதில்லை. பெட்டியை மாற்றுவதா வேண்டாமா என்பதை அளந்து பார்த்தே முடிவு செய்யலாம்.

அளப்பதும் கடினமன்று. சுவர் பிளக்குக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் நடுவே செருகும் சிறிய மின்அளவி மின்பொருள் கடைகளில் கிடைக்கிறது. அதை ஒரு வாரம் செருகி வைத்தால் பெட்டி ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் எடுக்கிறது என்பது தெரிந்துவிடும். இட்லி மாவும் வார இறுதிச் சமையலும் நிரம்பியிருக்கும் நாள், வெறுமையாக இருக்கும் நாள் என எல்லாமே அந்த வாரத்துக்குள் வந்துவிட வேண்டும். உங்கள் பெட்டி நாளொன்றுக்கு 2 யூனிட் எடுப்பதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 730 யூனிட், பணமாக 219 வெள்ளி. ஏறக்குறைய அதே கொள்ளளவுள்ள புதிய பெட்டி நாளுக்கு ஒரு யூனிட் எடுத்தால் 110 வெள்ளிக்குள் முடிந்துவிடும். புதிய பெட்டியின் விலை 800 வெள்ளி, அதில் 400 பற்றுச்சீட்டு என்றால், உங்கள் கையிலிருந்து போன 400 வெள்ளியும் நான்கு ஆண்டுக்குள் திரும்பிவிடும். அளவி ஒரு நாளைக்கு 1.2 யூனிட்தான் காட்டுகிறது என்றால் இந்தக் கணக்கு நிற்காது. அப்போது பெட்டியை அப்படியே விட்டுவிடுங்கள்.

மாற்றுவதற்கு முன் கதவின் ரப்பர் விளிம்பையும் ஒருமுறை பாருங்கள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடிவிட்டு இழுத்தால், அது சிரமமில்லாமல் வழுக்கி வெளியே வருகிறது என்றால் குளிர் அந்த வழியாகவே கசிகிறது என்று பொருள். பெட்டியின் மற்ற பாகங்கள் நன்றாக இருக்கும்போது ரப்பரை மட்டும் மாற்றுவது மிகச் சிறிய செலவு. பெட்டியையே மாற்றுவது என்று முடிவு செய்தால், சிக்கனத்தைக் காட்டும் லேபிளில் மூன்று டிக் அல்லது அதற்கு மேல் பெற்ற பெட்டிக்கே பற்றுச்சீட்டு செல்லும். டிக் எண்ணிக்கையைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அதே லேபிளில் அச்சிட்டிருக்கும் ஆண்டு மின்பயன்பாட்டையும் படியுங்கள். நான்கு டிக் பெற்ற மிகப் பெரிய பெட்டி, மூன்று டிக் பெற்ற நடுத்தரப் பெட்டியைவிட அதிக மின்சாரம் எடுப்பதுண்டு. டிக் என்பது அந்தந்தக் கொள்ளளவுக்கு ஏற்ற சிக்கனத்தைக் காட்டுவது. நீங்கள் கட்டப்போகும் பணத்தைக் காட்டுவது யூனிட் கணக்குதான்.

இன்னொன்று. 2021 ஜூலை முதல் நடப்பிலுள்ள மின்கழிவுச் சட்டப்படி, புதிய பெட்டியை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் கடை, நீங்கள் கேட்டால் பழைய பெட்டியைக் கட்டணமின்றி எடுத்துச்செல்ல வேண்டும். பழையதை வெளிப்புற அறையில் ‘பானங்களுக்கு’ என்று வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் குடும்பங்களில் நிறைய இருக்கிறது. அப்படி வைத்துக்கொண்டால் 219 வெள்ளி செலவு நீடிக்கும், அதன்மேல் புதிய பெட்டியின் 110 வெள்ளியும் சேரும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. 400 வெள்ளியில் முதல் பகுதியைக் குளிர்பதனப் பெட்டிக்குக் கொடுக்காதீர்கள், ஷவருக்குக் கொடுங்கள். பழைய ஷவர் நிமிடத்துக்கு 9 லிட்டர் தண்ணீரைக் கொட்டுவதாகவும், ஒருவர் எட்டு நிமிடம் சுடுநீரில் குளிப்பதாகவும் கொள்வோம். செலவாவது 72 லிட்டர். மூன்று டிக் ஷவரில் நிமிடத்துக்கு 5 லிட்டருக்கு மேல் வராது. அதில் குளித்தால் 40 லிட்டரோடு முடிந்துவிடும். மிச்சமாகும் 32 லிட்டரை 28 பாகை செல்சியஸிலிருந்து 40 பாகைக்குச் சூடாக்க ஏறக்குறைய 0.45 யூனிட் வேண்டும், அதாவது 13 காசு. தண்ணீரின் விலை 2025 ஏப்ரலிலிருந்து வரிக்கு முன் கனமீட்டருக்கு 3.24 வெள்ளி என்பதால், அந்த 32 லிட்டரின் விலையும் 10 காசு. நால்வரும் நாளுக்கு ஒருமுறை சுடுநீரில் குளிக்கும் வீட்டில் இது ஆண்டுக்கு 330 வெள்ளியைத் தாண்டுகிறது. உங்கள் வீட்டில் இவ்வளவு சுடுநீர் பயன்படவில்லை என்று வைத்து இதைப் பாதியாக்கினாலும், சில பத்து வெள்ளிக்கு வாங்கும் ஒரு பொருள் புதிய குளிர்பதனப் பெட்டியைவிட அதிகம் மிச்சப்படுத்துகிறது. நீர் குறைவதால் குளித்த நிறைவு இருக்காது என்று சிலர் தயங்குகிறார்கள். கடையில் ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். துளைகளின் அமைப்பைப் பொறுத்து நீர் விழும் வேகம் வேறுபடும். உடனடிச் சுடுநீர்க் கருவி வைத்திருப்போர், நீர் குறைந்த அளவுக்கு வெப்பக் குமிழையும் தணித்து வைத்தால்தான் மின்சாரம் மிச்சமாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் மனைவி சொல்வதும் நீங்கள் சொல்வதும் அளவியின் எண்ணைப் பொறுத்தே சரியாகும். ஷவரை இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கூட்டுரிமை வீட்டில் (கொண்டோமினியத்தில்) இருப்பவர்களுக்கு எதுவுமே கிடையாது என்கிறார்களே? (சிராங்கூன்)

பதில்: முன்பு அப்படித்தான் இருந்தது. 2025 ஏப்ரல் 15 முதல் தனியார் வீடுகளில் வசிக்கும் சிங்கப்பூரர் குடும்பங்களுக்கும் அதே 400 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டு உண்டு. குடும்பத்தில் ஒருவர் அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாகப் பெற்றுக்கொண்டால் போதும். பயனீட்டுக் கட்டணத்தைக் குறைக்க அரசாங்கம் தரும் யு-சேவ் கழிவு மட்டும் வீவக வீடுகளுக்கே உரியது.

கேள்வி: மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தினால் யு-சேவ் தொகையும் குறைந்துவிடுமா? நான்கறை வீட்டுக்கு எவ்வளவு வரும்? (உட்லண்ட்ஸ்)

பதில்: குறையாது. யு-சேவ் வீட்டு வகையைப் பொறுத்தது, நீங்கள் பயன்படுத்தும் யூனிட்டைப் பொறுத்ததன்று. வழக்கமான தொகை ஒவ்வொரு காலாண்டுக்கும் ஓரறை, ஈரறை வீட்டுக்கு 95 வெள்ளி, மூவறைக்கு 85, நான்கறைக்கு 75, ஐந்தறைக்கு 65, எக்சகியூட்டிவ் வீட்டுக்கு 55. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் அது உங்கள் பயனீட்டுக் கணக்கில் நேரே சேர்க்கப்படும். 2025 நிதியாண்டில் இதைப்போல் இரு மடங்கு வழங்கப்பட்டது. அந்த மாதக் கட்டணத்துக்குப் போக மீதம் இருந்தால் அடுத்த மாதத்துக்குச் செல்லும், வீணாகாது. ஆகவே சிக்கனம் செய்பவருக்கு இழப்பு எதுவும் இல்லை. குடும்பத்தில் யாரேனும் ஒன்றுக்கு மேற்பட்ட சொத்து வைத்திருந்தால் யு-சேவ் கிடைக்காது.

கேள்வி: அங் மோ கியோவில் 1980 வாக்கில் கட்டப்பட்ட மூவறை வீட்டை அண்மையில் வாங்கினோம். இரண்டு படுக்கையறைக்கும் ஏர்கான் போட வேண்டும். பழைய கட்டடத்தின் மின்இணைப்பு அதைத் தாங்குமா? செலவுக்கு உதவி உண்டா?

பதில்: வாசலருகே உள்ள மின்பெட்டியைத் திறந்து பாருங்கள். முதன்மை விசையின் மேல் ஓர் எண் பொறித்திருக்கும். 1994க்கு முன் கட்டப்பட்ட வீவக வீடுகள் பலவற்றில் அது 30 ஆம்பியராக இருக்கும், பின்னர் வந்த வீடுகளில் 40. உங்களுடையது 30 என்றால், குளிரூட்டியும் சுடுநீர்க் கருவியும் மின்அடுப்பும் ஒரே நேரத்தில் ஓடும் மாலைப்பொழுதில் விசை அடிக்கடி விழ வாய்ப்புண்டு. அதை 40 ஆம்பியருக்கு உயர்த்துவதும், குளிரூட்டிக்குத் தனி மின்சுற்று இழுப்பதும் உரிமம் பெற்ற மின் ஊழியர் செய்ய வேண்டிய வேலைகள். குளிரூட்டியைப் பொருத்துபவரே அதையும் சேர்த்துச் செய்துவிடுவதாகச் சொன்னால், உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இந்த இடத்தில் நூறு இருநூறு வெள்ளியை மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள். பழைய வீட்டில் சூடேறும் மின்கம்பி, உயிரோடு விளையாடும் விஷயம்.

உங்கள் புளோக்கு இல்ல மேம்பாட்டுத் திட்டத்துக்குத் தேர்வானதா என்பதையும் விசாரித்துப் பாருங்கள். 2007இல் தொடங்கிய அத்திட்டம் 1986 வரை கட்டப்பட்ட வீடுகளுக்கு இருந்தது. 1987 முதல் 1997 வரை கட்டப்பட்டவற்றுக்கும் பின்னர் விரிவாக்கப்பட்டது. மின்சுமையை உயர்த்துவது அதில் அத்தியாவசியப் பணிகளுள் ஒன்று. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அத்தியாவசியப் பணிகளின் செலவு முழுவதையும் அரசாங்கமே ஏற்கிறது. குளியலறைப் புதுப்பிப்பு போன்ற விருப்பப் பணிகளுக்கு மூவறை வீட்டுக் குடிமகன் 5 விழுக்காடும் நான்கறையில் 7.5 விழுக்காடும் கட்டினால் போதும். முந்தைய உரிமையாளரின் காலத்தில் உங்கள் வீட்டில் அப்பணிகள் முடிந்திருக்கக்கூடும். மின்பெட்டியைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

இனி குளிரூட்டி. தேசியச் சுற்றுப்புற வாரியம் 2017இல் நடத்திய வீட்டு மின்பயன்பாட்டு ஆய்வில், ஒரு வீட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய கால் பங்கு குளிரூட்டிக்கே போவதாகத் தெரியவந்தது. ஆகவே சிறிய வித்தியாசமும் பெரிய தொகையாகிவிடும். ஒரு படுக்கையறைக் குளிரூட்டி நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 2,920 மணி நேரம். மணிக்குச் சராசரி 0.9 யூனிட் எடுக்கும் பழைய வகை 788 வெள்ளியைத் தின்னும். 0.5 யூனிட் எடுக்கும் ஐந்து டிக் இன்வெர்ட்டர் வகைக்கு 438 வெள்ளி. இரண்டு அறைக்கும் சேர்த்து ஆண்டில் 700 வெள்ளி வேறுபாடு. பற்றுச்சீட்டு ஐந்து டிக் குளிரூட்டிக்கு மட்டுமே செல்லும், மூன்று நான்கு டிக்குக்குச் செல்லாது. 400 வெள்ளி மொத்தச் செலவில் சிறிய பகுதிதான் என்றாலும், நான்கு டிக்குக்கும் ஐந்து டிக்குக்கும் இடையே கடை சொல்லும் விலை வேறுபாட்டை அது பெரும்பாலும் ஈடுகட்டிவிடும்.

அறையின் பரப்பைச் சொல்லி அதற்கேற்ற குளிர்விக்கும் திறனைக் கேளுங்கள். ‘பெரியதாகவே போட்டுவிடுங்கள், சீக்கிரம் குளிரும்’ என்று விற்பனையாளர் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். தேவைக்கு மிஞ்சிய கருவி விரைவில் குளிர்வித்துவிட்டு அடிக்கடி நின்று நின்று ஓடும். காற்றிலுள்ள ஈரத்தை அது போதுமான அளவு இழுக்காது. ஈரம் போகாததால் உடல் புழுங்கும், நீங்கள் இன்னும் இரண்டு பாகை குறைப்பீர்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் இதுதான் பல வீடுகளில் நடக்கிறது. பொருத்துபவர் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்பது வீவகவின் விதி. வெளிப்புறக் கருவியைத் தாங்கும் இரும்புச் சட்டம் உங்கள் வீட்டுச் சுவரில் இருந்தாலும், அதன் கீழே நடப்பவர்கள் உங்கள் அண்டைவீட்டார் என்பதை மறக்க வேண்டாம்.

ஒவ்வோர் அறையிலும் நேர்மின் (டிசி) விசிறி ஒன்றையும் போடுங்கள். பற்றுச்சீட்டு அதற்கும் செல்லும். வழக்கமான கூரை விசிறி 70 வாட் எடுக்கும் இடத்தில் நேர்மின் விசிறி 30 வாட் அளவில் முடித்துவிடுகிறது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் ஆண்டில் 50 வெள்ளி மிச்சம். அதைவிடப் பெரிய ஆதாயம் இருக்கிறது. விசிறி சுழலும் அறையில் குளிரூட்டியை 23க்குப் பதில் 26இல் வைத்தும் நன்றாகத் தூங்கலாம்.

கேள்வி: பொங்கோலில் எங்கள் ஐந்தறை வீட்டின் வரவேற்பறை மேற்கு பார்த்தது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் உட்கார முடியவில்லை. சன்னல் கண்ணாடிக்கு ஒட்டும் படலத்துக்கு மானியம் உண்டா?

பதில்: பருவநிலைப் பற்றுச்சீட்டுப் பட்டியலில் அது இல்லை. இருந்தாலும் உங்கள் நிலையில் அது நல்ல செலவு. பூமத்திய ரேகைக்கு மிக அருகே இருப்பதால் ஆண்டு முழுவதும் சூரியன் கிட்டத்தட்ட நேர்கிழக்கில் எழுந்து நேர்மேற்கில் விழுகிறது. சன்னலுக்கு மேல் நீட்டிய தடுப்பு உச்சி வெயிலை மறைக்கும். தாழ்ந்து, நேரே உள்ளே பாயும் மேற்கு வெயிலை அதனால் தடுக்க முடியாது. திரைச்சீலை வெளிச்சத்தைத் தடுத்தாலும், கண்ணாடியைத் தாண்டிய வெப்பம் அறைக்குள்தானே இருக்கிறது? அதனால் வெப்பத்தைக் கண்ணாடியிலேயே நிறுத்த வேண்டும். படலம் வாங்கும்போது அது எவ்வளவு இருட்டாக இருக்கிறது என்று பார்க்காமல், மொத்தச் சூரிய வெப்பத்தில் எத்தனை விழுக்காட்டைத் தடுக்கிறது என்று கேளுங்கள். உங்கள் கண்ணாடியின் வகைக்கு அது பொருந்துமா என்றும் கேளுங்கள். பொருந்தாத படலத்தால் கண்ணாடி ஏற்றத்தாழ்வாகச் சூடேறி விரிசல் விடக்கூடும். கூட்டுரிமை வீட்டில் இருப்பவர்கள் வெளித்தோற்றம் மாறுவதற்கு நிர்வாகக் குழுவின் ஒப்புதலையும் பெற வேண்டும்.

கேள்வி: சிராங்கூன் கார்டன்ஸில் இரட்டை வீடு ஒன்றில் இருக்கிறோம். மின்சாரத்துக்கு மட்டும் மாதம் 450 வெள்ளி ஆகிறது. கூரையில் 10 கிலோவாட் சூரியத்தகடு பொருத்த 18,000 வெள்ளி கேட்கிறார்கள். அரசாங்க மானியம் எவ்வளவு கிடைக்கும்? கட்டணமே இல்லாமல் போட்டுத் தருவதாகவும் ஒரு நிறுவனம் சொல்கிறது. நம்பலாமா?

பதில்: தரைவீட்டுக் கூரையில் தகடு வாங்கிப் பொருத்த நேரடி மானியம் கிடையாது, பருவநிலைப் பற்றுச்சீட்டும் அதற்குச் செல்லாது. யாரேனும் ‘மானியம் போக இவ்வளவு’ என்று விலைப்பட்டியல் தந்தால், அது அந்த நிறுவனத்தின் தள்ளுபடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அரசாங்க ஏற்பாட்டால் உங்களுக்குக் கிடைப்பது வேறொன்று. நீங்கள் பயன்படுத்தியது போக மிஞ்சும் மின்சாரத்தை மின்கட்டமைப்புக்கு அனுப்பி, அதன் மதிப்பை ரசீதில் கழித்துக்கொள்ளலாம். எஸ்பி குழுமத்தின் வழக்கமான கட்டணத்தில் மின்சாரம் வாங்கும் வீடு என்றால், அந்தக் கட்டணத்திலிருந்து மின்கட்டமைப்புச் செலவைக் கழித்துக் கிடைக்கும் விலையில் வரவு வைப்பார்கள். திறந்த மின்சந்தையில் வேறு விற்பனையாளரிடம் வாங்குபவர்களுக்கு ஏற்பாடு வேறு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் உங்கள் விற்பனையாளரிடம் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

நம் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 யூனிட் தரும். உங்கள் 10 கிலோவாட்டுக்கு 12,000 யூனிட். உங்கள் வீட்டுக்கு மாதம் 1,500 யூனிட் தேவைப்பட்டாலும் அதில் பெரும்பகுதி இரவில் போகிறது. பகலில் வெயில் இருக்கும்போது நீங்கள் நேரே பயன்படுத்துவது 5,000 யூனிட் என்று கொண்டால், அது 30 காசு வீதம் 1,500 வெள்ளி. மிஞ்சும் 7,000 யூனிட்டுக்கு 20 காசு வீதம் வரவு கிடைத்தால் 1,400 வெள்ளி. ஆண்டுக்கு 2,900 வெள்ளி என்றால், போட்ட 18,000 வெள்ளி ஆறு ஆண்டுகளைச் சற்றே தாண்டித் திரும்பும். தகடுகளுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருவது வழக்கம். இன்வெர்ட்டர் அவ்வளவு காலம் நிற்காது. இடையில் ஒருமுறை அதை மாற்றும் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

நேரே பயன்படுத்தும் யூனிட்டுக்கும் அனுப்பும் யூனிட்டுக்கும் 10 காசு வேறுபாடு இருக்கிறது பாருங்கள். அதனால் துணி துவைப்பதையும் மற்ற பகல் வேலைகளையும் காலை பத்திலிருந்து பிற்பகல் மூன்றுக்குள் நகர்த்தினால் வருமானம் உயரும். மின்கலன் வாங்கச் சொன்னால், அந்த 10 காசு வேறுபாட்டுக்காக எத்தனை ஆயிரம் வெள்ளி செலவிட வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். நம் கட்டண அமைப்பில் அது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. மின்தடை வந்தால் தகடு வீட்டைக் காப்பாற்றும் என்று சிலர் எண்ணுகிறார்கள். மின்கட்டமைப்போடு இணைந்த சாதாரண அமைப்பு, மின்தடையின்போது தானும் நின்றுவிடும். கம்பியைப் பழுதுபார்ப்பவருக்கு ஆபத்து நேராதிருக்கவே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

10 கிலோவாட்டுக்குச் சுமார் 50 சதுர மீட்டர் நிழலற்ற கூரை வேண்டும். பக்கத்து வீட்டின் மூன்றாம் மாடியும், தெருவோர மரமும் எந்த நேரத்தில் எங்கே நிழல் போடுகின்றன என்பதை ஒரு நாள் முழுவதும் நீங்களே பாருங்கள். நிறுவனம் தரும் கணினிப் படத்தில் பக்கத்து வீடு இடம்பெற்றிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கட்டணமில்லா ஏற்பாடு மோசடியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தகடுகள் அந்த நிறுவனத்தின் சொத்தாகவே இருக்கும். அவை தரும் மின்சாரத்தை நீங்கள் சற்றுக் குறைந்த விலையில் பல ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்ள ஒப்புக்கொள்கிறீர்கள். கையில் பணம் இல்லாதவர்களுக்கு அது வழிதான். ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள்: நடுவில் வீட்டை விற்றால் என்ன ஆகும், கூரை ஒழுகினால் தகடுகளைக் கழற்றி மாட்டும் செலவு யாருடையது, விலை ஆண்டுதோறும் உயருமா. இவற்றுக்கு எழுத்தில் விடை இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். உங்களிடம் சேமிப்பு இருக்கிறது என்றால், சொந்தமாக வாங்குவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

கேள்வி: எங்கள் புளோக்கின் கூரை முழுவதும் சூரியத்தகடு போட்டிருக்கிறார்கள். எங்கள் கட்டணம் ஏன் குறையவில்லை? (தெம்பனிஸ்)

பதில்: அந்த மின்சாரம் முதலில் உங்கள் புளோக்கின் மின்தூக்கி, நடைபாதை விளக்கு, தண்ணீர் பம்பு ஆகியவற்றுக்குப் போகிறது, மிஞ்சுவது மின்கட்டமைப்புக்குச் செல்கிறது. 2014இல் வீவகவும் பொருளியல் வளர்ச்சிக் கழகமும் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தின் அமைப்பு அப்படி. உங்கள் வீட்டு மீட்டரோடு அது இணைக்கப்படவில்லை. பொது இடங்களுக்கான மின்செலவு குறைவதால் நகர மன்றத்தின் சுமை குறைகிறது. அதன் பயன் உங்கள் மின்கட்டண ரசீதில் தெரியாது.

கேள்வி: வெப்பப் பம்பு (heat pump) வகைச் சுடுநீர்க் கருவி மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் ஓடுமாமே, வாங்கலாமா? (பிடோக்)

பதில்: ஓடுவது உண்மை. மின்கம்பியைச் சூடாக்காமல், சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்கு ஏற்றுவதால், ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் அளவு வெப்பம் கிடைக்கிறது. நால்வர் தலைக்கு 40 லிட்டர் சுடுநீரில் குளித்தால் நாளுக்கு 2.2 யூனிட், ஆண்டுக்கு ஏறக்குறைய 245 வெள்ளி. அது 80 வெள்ளியாகக் குறையும். மிச்சம் 165 வெள்ளி. கருவியின் விலையோ ஆயிரக்கணக்கில் இருக்கிறது, தொட்டிக்கு இடமும் வேண்டும். பற்றுச்சீட்டுப் பட்டியலில் அதுவும் உண்டு என்றாலும், ஆறேழு பேர் வாழும் தரைவீட்டுக்கு அது சரி, வீவக வீட்டில் நால்வருக்கு இப்போதைக்கு வேண்டாம். தொட்டி வகைச் சுடுநீர்க் கருவி வைத்திருப்போர் நாள் முழுவதும் விசையைப் போட்டு வைக்காமல், குளிப்பதற்குச் சற்று முன் போட்டாலே ஓரளவு மிச்சமாகும்.

கேள்வி: தோ பாயோவில் வாடகை வீடுகள் உள்ள எங்கள் புளோக்கில் தனியாக வாழும் மூத்தவர்கள் பலருக்குப் பற்றுச்சீட்டைப் பற்றியே தெரியவில்லை. சிலரிடம் சிங்பாஸும் இல்லை. நான் என் கைப்பேசியில் அவர்களுக்காகப் பெற்றுத் தரலாமா?

பதில்: உங்கள் கடிதம்தான் இம்முறை எங்களை அதிகம் சிந்திக்க வைத்தது. 2020இல் இத்திட்டம் யாருக்காகத் தொடங்கப்பட்டதோ, அவர்களிலேயே சிலரை அது இன்னும் சென்றடையவில்லை என்றால், அண்டைவீட்டாரான நாம்தான் அந்த இடைவெளியை அடைக்க வேண்டும். ஆனால் அவர்களுடைய சிங்பாஸ் மறைச்சொல்லை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், அது உங்களுக்கும் நல்லதன்று. அவர்களை அருகிலுள்ள சமூக மன்றத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அடையாள அட்டையோடு போனால் அங்குள்ள ஊழியர்கள் வழிகாட்டுவார்கள். பற்றுச்சீட்டு கிடைத்ததும் கடைக்கும் உடன் போங்கள். தனியாக வாழும் பாட்டிக்கு 400 வெள்ளியையும் ஒரே பொருளில் செலவழிக்க வைக்கும் விற்பனைப் பேச்சு எளிதில் எடுபட்டுவிடும். அவருக்குத் தேவைப்படுவது கண் கூசாத எல்இடி விளக்குகள், நேர்மின் விசிறி, தேவை இருந்தால் இருவருக்குப் போதுமான சிறிய குளிர்பதனப் பெட்டி. இரவில் கழிவறைக்கு நடக்கும் வழியில் நல்ல வெளிச்சம் இருப்பது மின்செலவைவிட முக்கியம், விளக்கு வாங்கும்போது அதை முதலில் பாருங்கள்.

பற்றுச்சீட்டைப் பெற்றுத் தருவதாக யாரேனும் தொலைபேசியில் அழைத்தால் இணைப்பைத் துண்டித்துவிடச் சொல்லி அவர்களிடம் எடுத்துக்கூறுங்கள். அரசாங்க அமைப்புகளின் குறுஞ்செய்திகள் 2024 ஜூலையிலிருந்து ‘gov.sg’ (ஜிஓவி.எஸ்ஜி) என்ற ஒரே அனுப்புநர் பெயரில்தான் வருகின்றன. வேறு பெயரிலோ தனிப்பட்ட எண்ணிலோ வரும் இணைப்பை அழுத்த வேண்டாம். மறைச்சொல்லையோ வங்கி விவரத்தையோ எந்த அரசாங்க அதிகாரியும் தொலைபேசியில் கேட்பதில்லை. தமிழில் பெரிய எழுத்தில் இதை ஒரு தாளில் எழுதி, அவர்கள் ஒப்புக்கொண்டால், தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள்.